டூரில் குழு, பட்டியலில் கண்: வாசகர் கேள்விகள்

கே-பாப் எனும் கொரியப் பாப் இசைக் குழுக்கள் டூர் கிளம்பினால் ரசிகர்களின் தூக்கமும் கிளம்பிவிடும். கச்சேரி வீடியோ ஒரு கண்ணில், சார்ட் எனும் தரவரிசைப் பட்டியல் ஒரு கண்ணில். இந்தமுறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிடிஎஸ் குழுவைப் பற்றியவை என்பதால் உதாரணங்களையும் பெரும்பாலும் அங்கிருந்தே எடுத்திருக்கிறோம்.

அமெரிக்காவில் போகிற ஊரெல்லாம் ஸ்டேடியம் நிரம்பி வழிகிறது. அதே வாரம் பாட்டு மட்டும் ஹாட் 100-இல் சரிகிறதே, எப்படி? (மதுரை வாசகி)

ஹாட் 100 என்பது அமெரிக்காவின் பில்போர்ட் வாராவாரம் வெளியிடும் பாட்டுப் பட்டியல். டிக்கெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அந்தப் பட்டியல் கூட்டுவது மூன்றே மூன்றை: அமெரிக்காவுக்குள் நடந்த ஸ்ட்ரீமிங், அமெரிக்க வானொலி ஒலிபரப்பு எத்தனை பேர் காதுக்குப் போனது, அமெரிக்காவில் விற்ற பிரதிகள். கச்சேரி வசூலுக்கு பில்போர்டில் பாக்ஸ்ஸ்கோர் என்று தனிக் கணக்கு உண்டு. 2018 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கின் சிட்டி ஃபீல்டில் பிடிஎஸ் பாடியபோது சுமார் 40,000 பேர் கூடவே பாடினார்கள். அந்த இரவு ஹாட் 100-க்குப் போய்ச் சேர்ந்தது பூஜ்யம். அவர்கள் வீடு திரும்பும் ரயிலில் ஹெட்போனை மாட்டிக் கேட்டார்களே, அது சேரும்.

சரிவுக்குக் காரணம் வேறு. ரசிகர் பட்டாளம் பெரிதாக உள்ள குழுக்களுக்கு விற்பனை முழுவதும் முதல் வாரத்திலேயே கொட்டிவிடும். வாங்க நினைத்தவர் எல்லோரும் முதல் நாளே வாங்கிவிட்டால் இரண்டாம் வாரம் யார் வாங்குவது? அந்தப் பள்ளத்தை வானொலிதான் நிரப்ப வேண்டும். கொரிய மொழிப் பாட்டுக்கு அமெரிக்க வானொலி கதவைத் திறப்பது அபூர்வம். 2020 மார்ச்சில் பிடிஎஸ்ஸின் ‘ஆன்’ 4-ஆம் இடத்தில் நுழைந்தது, அடுத்த வாரமே 68. அதே ஆண்டு டிசம்பரில் ‘லைஃப் கோஸ் ஆன்’ நேராக முதலிடத்தில் இறங்கியது. பெரும்பகுதி கொரிய மொழியில் அமைந்த ஒரு பாட்டு முதலிடத்திலேயே அறிமுகமானது அதுவே முதல்முறை. 1.49 கோடி ஸ்ட்ரீம், 1,50,000 பிரதி. வானொலியில் கிடைத்த செவிகளோ வெறும் 4.1 லட்சம். அடுத்த வாரம் 28-ஆம் இடம். ஆங்கிலப் பாட்டான ‘டைனமைட்’டுக்கு முதல் வாரமே வானொலியில் 1.16 கோடி. அது பட்டியலில் 32 வாரம் உட்கார்ந்திருந்தது. மூன்று பாட்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே ரசிகர் படைதான்; பெரிய வித்தியாசம் வானொலியில்.

டூர் மறைமுகமாக உதவும், ஆனால் அந்த உதவி பெரும்பாலும் மேடையிலிருந்து வராது, தொலைக்காட்சியிலிருந்துதான் வரும். 2019 ஏப்ரல் 12-இல் ‘பெர்சோனா’ ஆல்பம் வந்தது. மறுநாளே குழு ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் பாடியது. அதாவது முதல் வாரக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஸ்டேடியம் டூர் கலிபோர்னியாவின் ரோஸ் பவுலில் தொடங்கியது மே 4-இல்தான். அதற்குள் ஆல்பம் 2,30,000 யூனிட்டுடன் (யூனிட் என்ன என்பது கீழே வருகிறது) பில்போர்ட் 200 என்ற ஆல்பப் பட்டியலில் முதலிடத்தைத் தொட்டு முடித்துவிட்டது.

எந்த வாரத்துக் கணக்கு எப்போது வெளியாகிறது என்று எங்கள் குழுவில் தினமும் சண்டை. நம் நேரத்தில் சொல்லுங்கள். (கோவை வாசகர்)

பில்போர்டின் வாரம் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி வெள்ளி பிறக்கும் நள்ளிரவில் தொடங்கி அடுத்த வியாழன் முடியும் நள்ளிரவில் நிற்கும். அங்கே கோடை நேரம் ஓடும்போது, அதாவது மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை, நமக்கு அது வெள்ளிக் காலை 9:30. மற்ற மாதங்களில் 10:30. கொரியாவில் முறையே பிற்பகல் 1 மணி, 2 மணி. ‘டைனமைட்’ ஆகஸ்டில் கொரிய நேரம் 1 மணிக்கும், ‘லைஃப் கோஸ் ஆன்’ நவம்பரில் 2 மணிக்கும் வெளியான ரகசியம் இவ்வளவுதான். பழைய வழக்கப்படி கொரிய மாலை 6 மணிக்கு வெளியிட்டால் அமெரிக்க வாரத்தில் முதல் சில மணி நேரம் வீண். 2018-இல் ‘லவ் யுவர்செல்ஃப்: ஆன்சர்’ அப்படித்தான் ஐந்து மணி நேரத்தை இழந்தது. இழந்தும் 1,85,000 யூனிட்டுடன் முதலிடம் பிடித்தது, அது வேறு விஷயம்.

பட்டியலின் மேல் அச்சாகும் தேதிதான் எல்லோரையும் குழப்புகிறது. ‘டைனமைட்’டை வைத்துப் பாருங்கள். வெளியீடு 2020 ஆகஸ்ட் 21, வெள்ளி. கணக்கு முடிந்தது 27, வியாழன். முதலிடச் செய்தி வந்தது 31, திங்கள். பட்டியலில் போட்டிருந்த தேதியோ செப்டம்பர் 5, சனி. ஆகவே பட்டியல் தேதியிலிருந்து 15 நாள் பின்னால் போனால் கணக்கு தொடங்கிய வெள்ளி கிடைக்கும். இதை எழுதிக் கதவில் ஒட்டிக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

வழக்கமாக ஆல்பங்களின் முதல் பத்து அமெரிக்க ஞாயிறன்று வரும். ஹாட் 100-இன் முதல் பத்து திங்களன்று, முழுப் பட்டியல் செவ்வாயன்று. விடுமுறை வந்தால் ஒரு நாள் தள்ளும். பிரிட்டனிலும் வாரம் வெள்ளி முதல் வியாழன் வரைதான். ஆனால் முடிவு மறுநாளே, வெள்ளி மாலை வந்துவிடும். நமக்கு இரவு 10:30-க்குள், அங்கே குளிர்காலமானால் 11:30-க்குள்.

இந்தியாவில் இருந்து நாங்கள் கேட்பது ஹாட் 100-இல் சேருமா? விபிஎன் போட்டுக் கேட்டால்? (நாகர்கோவில் வாசகி)

சேராது. ஹாட் 100, பில்போர்ட் 200 இரண்டும் அமெரிக்க எல்லைக்குள் மட்டும். உங்கள் கணக்கு போகும் இடம் 2020 செப்டம்பரில் தொடங்கிய குளோபல் 200-உம், அமெரிக்காவைக் கழித்துவிட்டுப் பார்க்கும் இன்னொரு குளோபல் பட்டியலும். 200-க்கும் மேற்பட்ட நாடுகள், பிரதேசங்களின் ஸ்ட்ரீமும் விற்பனையும் அவற்றில் சேரும். ஸ்பாட்டிஃபையின் இந்திய நாள் பட்டியல், உலக நாள் பட்டியல் இரண்டிலும் நீங்கள் நேரடியாகவே கணக்கில் வருவீர்கள்.

வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் விபிஎன் வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் நாடு என்பது கணக்கோடு ஒட்டியது. இலவசக் கணக்கை வேறு நாட்டில் 14 நாளுக்கு மேல் பயன்படுத்த முடியாது. பிரீமியம் எடுக்க அந்த நாட்டில் வழங்கிய அட்டை வேண்டும். நாட்டுக் கட்டுப்பாட்டைச் சுற்றிப் போவது விதிமீறல் என்று நிபந்தனைகளிலேயே இருக்கிறது. இவ்வளவு சிரமப்பட்டு மாட்டினால் போவது உங்கள் கணக்கு மட்டுமல்ல. 2024 முதல் போலி ஸ்ட்ரீம் அப்பட்டமாகத் தெரியும் பாட்டுகளுக்கு இசை நிறுவனத்திடமே ஸ்பாட்டிஃபை அபராதம் வாங்குகிறது. நீங்கள் செய்த ‘உதவி’க்குக் குழுவின் நிறுவனம் காசு கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் ரசிகருக்குப் பணம் அனுப்பிப் பாட்டை வாங்கச் சொல்லும் நிதித் திரட்டல்களும் நடக்கின்றன. முகம் தெரியாதவருக்கு அனுப்பும் பணத்துக்கு ரசீதும் கிடையாது, திரும்பி வரும் வழியும் கிடையாது.

ஸ்ட்ரீமிங் செய்யும் சரியான முறை என்ன? ஒருவர் ஒரே பாட்டை ‘லூப்’ போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது என்கிறார், இன்னொருவர் பிளேலிஸ்டில் மூன்று பாட்டு இடைவெளி வேண்டும் என்கிறார். (திருச்சி வாசகர்)

உறுதியானது இது: ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம். 29-இல் தாண்டினால் ஒன்றுமில்லை. டவுன்லோட் செய்து இணையமில்லாமல் கேட்டதும் கணக்கில் வரும், ஆனால் நீங்கள் மறுபடி இணையத்துக்கு வந்த பிறகுதான். ஆகவே வியாழன் முழுக்க ஆஃப்லைனில் கேட்டுவிட்டு சனிக்கிழமை வைஃபை போட்டால் அந்த வாரம் கைநழுவியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் இரவு படுக்கும் முன் ஒருதரம் இணையத்தில் இணைந்துவிடுங்கள்.

ஆப்பில் பாட்டின் கீழே தெரியும் மொத்த எண்ணும் சார்ட்டில் வரும் எண்ணும் ஒத்துப்போகாது. செயற்கையாக ஏற்றுவதைத் தடுக்க, சார்ட் எண்ணைத் தனிச் சூத்திரத்தில் வடிகட்டுகிறோம் என்று ஸ்பாட்டிஃபையே சொல்கிறது. சூத்திரம் என்ன என்று வெளியில் சொல்வதில்லை. ‘மூன்று பாட்டு இடைவெளி’, ‘ஒலி 50-க்கு மேல்’ போன்றவை ரசிகர்கள் ஊகித்து எழுதிய பத்திய விதிகள்தான். பின்பற்றினால் கெடுதல் இல்லை. விடியவிடிய நான்கு போனில் ஒரே பாட்டை ஓடவிட்டு எல்லோரும் தூங்குவதுதான் வடிகட்டியில் சிக்கும் வகை, ஏனென்றால் உண்மையில் யாரும் கேட்காத ஸ்ட்ரீமைத்தான் அவர்கள் போலி என்கிறார்கள். நிஜமாக எவ்வளவு கேட்பீர்களோ அவ்வளவு கேளுங்கள், முழு ஆல்பத்தையும் கேளுங்கள்.

யூடியூப் பற்றி ஒரு வார்த்தை. இலவச, கட்டண ஸ்ட்ரீம்களை வெவ்வேறு எடையில் எண்ணுவதை எதிர்த்து, 2026 ஜனவரி 16-க்குப் பிறகு பில்போர்டுக்குத் தரவு தர மாட்டோம் என்று யூடியூப் அறிவித்தது. ‘ஹாட் 100-க்காக எம்வி (மியூசிக் வீடியோ) பாருங்கள்’ என்று பழைய பதிவு சுற்றி வந்தால் அதன் தேதியைப் பாருங்கள்.

ஆல்பத்தில் ‘யூனிட்’ என்றால் என்ன? நான் ஆல்பத்தை ஒருமுறை கேட்டால் ஒரு யூனிட்டா? (சேலம் வாசகி)

அவ்வளவு சுலபமாக இருந்தால் எல்லோரும் முதலிடம்தான். பில்போர்ட் 200 மூன்று வழியில் வந்ததைக் கூட்டும்: முழு ஆல்பம் ஒன்று விற்றால் ஒன்று; ஆல்பத்தின் பாட்டுகள் தனித்தனியாகப் பத்து விற்றால் ஒன்று; ஸ்ட்ரீமிங்கில் 2018 முதல் கட்டணச் சந்தாவில் 1,250 அல்லது விளம்பரத்தோடு கேட்டது 3,750 சேர்ந்தால் ஒன்று. 2026 ஜனவரியில் இவை 1,000, 2,500 என்று இறங்கின. பத்துப் பாட்டு உள்ள ஆல்பத்தை அமெரிக்காவில் பிரீமியத்தில் ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை 100 தடவை கேட்டால் ஒரே ஒரு யூனிட். இலவசக் கணக்கில் 250 தடவை. சிடி விற்பனை கே-பாப் குழுக்களுக்கு ஏன் உயிர்நாடி என்று இப்போது புரியும். ‘ஆன்சர்’ எடுத்த 1,85,000-இல் 1,41,000 முழு ஆல்ப விற்பனை.

கச்சேரி நடக்கும் இடத்தில் டி-ஷர்ட்டோடு ஆல்பம் தருகிறார்களே, அது சேருமா?

அரங்கக் கடையில் ஆல்பத்தைத் தனியாக வாங்கினால், விற்றவர் முறைப்படி கணக்குக் கொடுத்தால் சேரும். விலையை மறைத்து டிக்கெட்டோடு ஒட்டிக் கொடுத்த ஆல்பம் சேராது; டி-ஷர்ட்டோடு ஒட்டிக் கொடுத்ததும் 2020 முதல் 2023 வரை சேரவில்லை. 2020 அக்டோபரில் அந்த வழியை பில்போர்ட் அடைத்தது. அதற்கு முன் டிக்கெட் வாங்கியவருக்கெல்லாம் ஆல்பம் இணைத்து முதலிடம் பிடிப்பது அமெரிக்கப் பாடகர்களிடையே பெரிய வியாபாரமாக இருந்தது. அப்போது வந்த விதிப்படி, ஆல்பத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறீர்களா என்று தனியாகக் கேட்டு, வாங்குபவர் அதற்கென்று விருப்பப்பட்டுக் காசு கொடுத்தால்தான் விற்பனை. 2023-இல் டி-ஷர்ட்டும் ஆல்பமும் சேர்ந்த ‘ஃபேன் பேக்’குகளை நிபந்தனைகளோடு மறுபடி சேர்த்தார்கள். இன்னொன்று: சிடி ஆர்டர் செய்த நாளில் எண்ண மாட்டார்கள், அனுப்பிய நாளில்தான். வெளியீட்டு வாரத்தில் கடை தாமதித்தால் உங்கள் பிரதி அடுத்த வாரத்துக்குப் போய்விடும்.

நாங்கள் நண்பர்கள் சேர்ந்து கொரியாவிலிருந்து மொத்தமாக ஆல்பம் வரவழைக்கிறோம். அது எதில் சேரும்? (சென்னை வாசகர்கள்)

பில்போர்டில் அல்ல. கொரியாவில் இரண்டு கணக்கு உண்டு. ஹன்டியோ என்ற நிறுவனம் கடைகளில் விற்றதை எண்ணும். சர்க்கிள் என்ற பட்டியல் கடைகளுக்கு அனுப்பியதில் திரும்பி வந்ததைக் கழித்து எண்ணும். 2022 ஜூலை வரை அதன் பெயர் காவோன். ஒரே ஆல்பத்துக்கு இரண்டிலும் வெவ்வேறு எண் வருவது இதனால்தான், யாரும் பொய் சொல்லவில்லை. ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் ‘சோதோங்’ என்பது ஹன்டியோவில் முதல் ஏழு நாள் விற்பனை. 2020-இல் ‘மேப் ஆஃப் த சோல்: 7’ சுமார் 33.7 லட்சம். 2023-இல் செவன்டீன் குழுவின் ‘எஃப்எம்எல்’ சுமார் 45.5 லட்சம்.

வாங்கும் முன் இரண்டைச் சரிபாருங்கள். கடை ஹன்டியோவோடு இணைந்ததா? விற்பனையை அந்த ஏழு நாளுக்குள் பதிவு செய்வார்களா? இரண்டாவதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மொத்த ஆர்டர் எடுப்பவர் எல்லோரிடமும் பணம் சேரும்வரை காத்திருந்து ஒன்பதாம் நாள் வாங்கினால் உங்களுக்கு ஆல்பம் வரும், சோதோங்குக்கு ஒன்றும் வராது.

ஆல்பத்துக்குள் வரும் உறுப்பினர் படமான போட்டோகார்டுக்காக ஒரே ஆல்பத்தை எட்டு வடிவத்தில் வாங்குவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒன்று போதும் என்பது எங்கள் கட்சி. மீதி ஏழு சிடியையும் யாரும் பிரிப்பதில்லை.

மெலன் பட்டியலில் ஏற்ற இரவு முழுக்க விழித்திருக்கலாமா?

வேண்டாம். கொரிய ஸ்ட்ரீமிங் செயலியான மெலனின் டாப் 100 கடந்த 24 மணி நேரத்துக்குப் பாதி, கடைசி ஒரு மணி நேரத்துக்குப் பாதி எடை தருகிறது. ஆனால் கொரிய நேரம் இரவு 1 முதல் காலை 7 வரை அந்த ஒரு மணிப் பகுதியே கிடையாது. நம் நேரத்தில் அது இரவு 9:30 முதல் அதிகாலை 3:30. நீங்கள் கண்விழிக்கும் அதே நேரம்தான். அங்கே மேல்வரிசையைத் தீர்மானிப்பது சந்தா கட்டி, வேலைக்குப் போகும்போது கேட்கும் கொரியப் பொதுமக்கள்.

ரசிகர்கள் கூட்டாக வாங்கி முதலிடம் கொண்டுவருவது மோசடி என்கிறார்களே? (பெங்களூரு வாசகி)

விதிக்குள் வாங்கினால் மோசடி இல்லை. ‘பட்டர்’ 2021-இல் மொத்தம் 10 வாரம் முதலிடத்தில் நின்றது. ஏழாவது வாரத்துக்குப் பின் அதை இறக்கியதும் பிடிஎஸ்ஸின் ‘பெர்மிஷன் டு டான்ஸ்’தான், அடுத்த வாரமே ‘பட்டர்’ திரும்ப ஏறியது. அப்போது ஒருவர் ஒரே பாட்டை வாரத்துக்கு நான்கு பிரதிவரை வாங்கினால் எண்ணினார்கள். 2022 தொடக்கத்தில் அது ஒன்றாகக் குறைந்தது. 2023 கோடையில் கலைஞரின் சொந்த இணையக் கடையில் விற்கும் பாட்டு டவுன்லோடுகளையும் பாட்டுப் பட்டியல்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியில் சொல்லாவிட்டாலும் யாரை மனதில் வைத்து எழுதிய விதிகள் என்பது ரசிகர்களுக்குத் தெரியும். ஆனால் டவுன்லோட் சந்தை சுருங்கிப்போன காலத்தில் சில ஆயிரம் பேர் பட்டியலைப் புரட்ட முடிந்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம்.

ஐட்யூன்ஸில் 90 நாடுகளில் முதலிடம் என்று பதிவு வருகிறது. பிறகு ஹாட் 100-இல் ஒன்றும் இல்லை. (புதுச்சேரி வாசகர்)

ஆப்பிளின் டவுன்லோட் கடையான ஐட்யூன்ஸ் காட்டுவது இடத்தை, எண்ணிக்கையை அல்ல. டவுன்லோட் வாங்குவோரே அரிதான நாடுகளில் கைவிரல் எண்ணிக்கையே முதலிடத்துக்குப் போதும்.

வார நடுவிலேயே கணிப்பு போடுகிறார்கள். நாங்களும் போட முடியுமா? (ஈரோடு கல்லூரி மாணவிகள்)

ஓரளவு முடியும். ஒரு எக்செல் தாள் எடுங்கள். வெள்ளி முதல் வியாழன் வரை ஏழு வரிசை. நெடுக்கில் ஸ்பாட்டிஃபை அமெரிக்க நாள் பட்டியல் எண், உலக நாள் பட்டியல் எண், ஆப்பிள் மியூசிக் அமெரிக்க இடம், ஐட்யூன்ஸ் அமெரிக்க இடம், அன்று குழு எந்த ஊரில், டிவி நிகழ்ச்சி உண்டா என்று ஆறு கட்டம். ஸ்பாட்டிஃபை எண் ஒரு நாள் பிந்தி வரும். வெள்ளியன்று தெரிவது வியாழன் கணக்கு. அதை வெள்ளி வரிசையில் போடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. ஸ்பாட்டிஃபையின் வாரப் பட்டியலும் வெள்ளி முதல் வியாழன் வரைதான் என்பதால் ஏழு எண்ணைக் கூட்டிச் சரிபார்க்கலாம்.

முதல் வெள்ளியின் எண்ணை ஏழால் பெருக்காதீர்கள். பெரிய ரசிகர் படை உள்ள குழுவுக்கு அது வாரத்தின் உச்சம், சனிக்கிழமையே இறங்கத் தொடங்கும். சரியான வழி, அதே குழுவின் முந்தைய பாட்டு வெள்ளியிலிருந்து வியாழனுக்கு எத்தனை சதவீதம் இறங்கியது என்று பார்த்து அதே சரிவைப் போடுவது. டூர் கட்டத்தையும் நிரப்புங்கள். கச்சேரிக்கு மறுநாள், அன்று மேடையில் பாடிய பழைய பாட்டுகளும் நகர்கின்றனவா என்பது அங்கே தெரியும்.

இவ்வளவும் செய்தாலும் வானொலிக் கணக்கு உங்கள் கையில் இல்லாதவரை ஹாட் 100-இல் எந்த இடம் என்று சொல்லாதீர்கள், முதல் பத்துக்குள் வருமா வராதா என்பதோடு நிறுத்துங்கள். ஆல்பக் கணிப்பு இதைவிட எளிது, ஏனென்றால் அதில் வானொலி இல்லை. பிரிட்டனுக்கு உங்கள் தாளே தேவையில்லை, வார நடுநிலவரத்தை அதிகாரப்பூர்வச் சார்ட் நிறுவனமே வெளியிடுகிறது.

பிரிட்டனில் இரண்டு விதி குறுக்கே வரும். ஒரு கலைஞருக்குப் பாட்டுப் பட்டியலில் மூன்று இடம்தான். ஆல்பம் முழுக்க ஓடினாலும் நான்காவது பாட்டு வராது. அடுத்தது, பத்து வாரம் தாண்டிய பாட்டு தொடர்ந்து மூன்று வாரம் இறங்கினால் அதன் ஸ்ட்ரீம் மதிப்பு பாதியாகும்: கட்டணத்தில் 100-க்கு ஒன்று என்பது 200-க்கு ஒன்றாகும், இலவசத்தில் 600 என்பது 1,200 ஆகும். நன்றாக ஓடிய பாட்டு ஒரே வாரத்தில் தலைகுப்புற விழுந்தால் முதலில் இதைப் பாருங்கள். அமெரிக்காவிலும் இதுபோல ஒரு கதவு உண்டு: 20 வாரம் ஆன பாட்டு 50-க்குக் கீழே போனால் ஹாட் 100-இலிருந்து எடுத்துவிடுவார்கள். உங்கள் தாளில் ‘எத்தனையாவது வாரம்’ என்று ஏழாவது கட்டம் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.